மறைத்தால் சட்டம், காட்டினால் குற்றம்

மயிலாப்பூர் மாட வீதியில் இளநீர் வண்டிக்காரர் கையில் ஓர் அரிவாள். நாலு கடை தள்ளி, வங்கி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் மடியில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. கபாலி கோயிலுக்குப் போகிற கூட்டம் இரண்டையும் உரசிக்கொண்டு போகிறது, யாரும் ஒதுங்குவதில்லை. அதே அரிவாளைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு ஒருவர் நடந்தால், ரோந்துப் போலீஸ் கண்ணில் பட்ட அன்றே ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். அதே துப்பாக்கியைக் கையில் ஏந்திக்கொண்டு சீருடை இல்லாத ஒருவர் நடந்தால் தெருவே காலியாகிவிடும்.

அரிவாளைக் காட்டினால் தொழில், மறைத்தால் குற்றம். துப்பாக்கியை மறைத்தால் சட்டம், காட்டினால் குற்றம்.

துப்பாக்கியை எல்லாரும் பார்க்க இடுப்பில் தொங்கவிடுவதா, சட்டைக்குள் மறைத்துக்கொள்வதா என்று அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு நடக்கிறது. சென்னையில் அந்த வாதம் டீக்கடை பெஞ்சு வரைகூட வந்ததில்லை. நம் ஊர்க்காரர்கள் சாதுவானவர்கள் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது.

கணக்கு 1: எத்தனை பேரிடம்?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 டிசம்பர் 31 அன்று நாடு முழுவதும் நடப்பில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33,69,444. அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் 12,77,914, அதாவது நூற்றுக்கு 38. தமிழ்நாடு 22,532. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.67. நாட்டின் மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கோ கிட்டத்தட்ட 6.

2011 மக்கள்தொகையை இந்த உரிமங்களால் வகுத்தால் வருவது:

ஜம்மு காஷ்மீர்: 3,69,191 உரிமங்கள், 34 பேருக்கு ஒன்று
பஞ்சாப்: 3,59,349 உரிமங்கள், 77 பேருக்கு ஒன்று
உத்தரப் பிரதேசம்: 12,77,914 உரிமங்கள், 156 பேருக்கு ஒன்று
கர்நாடகம்: 1,13,631 உரிமங்கள், 538 பேருக்கு ஒன்று
தமிழ்நாடு: 22,532 உரிமங்கள், 3,202 பேருக்கு ஒன்று

காஷ்மீர் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2012 முதல் 2016 வரை அங்கே 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்கே நடத்தியது, வாங்கியவர்களில் பலர் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களே இல்லை.

இந்த எண்களை ஒரு மாநகரப் பேருந்தில் ஏற்றிப் பார்ப்போம். பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போகும் 29சி-யில் நெரிசல் இல்லாத நேரத்தில் 65 பேர் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சாப் விகிதத்தில் அந்தப் பேருந்தில் கிட்டத்தட்ட ஓர் உரிமக்காரர் இருப்பார். உத்தரப் பிரதேச விகிதத்தில் இரண்டரைப் பேருந்துக்கு ஒருவர். கர்நாடக விகிதத்தில் எட்டுப் பேருந்துக்கு ஒருவர். தமிழ்நாட்டு விகிதத்தில் 49 பேருந்துகளை நிறுத்திச் சோதித்தால் ஒருவர் அகப்படுவார். அவரும் துப்பாக்கியை வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கள்ளத் துப்பாக்கி இந்தக் கணக்கில் வராது. ஜெனீவாவில் இயங்கும் சிறு ஆயுத ஆய்வமைப்பு 2017-ல் போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 7.11 கோடி, அதில் பதிவானவை 97 லட்சம்தான். நூறு பேருக்கு 5.3. அதே மதிப்பீட்டில் அமெரிக்காவில் நூறு பேருக்கு 120.5. அந்த விகிதத்தில் நம் 29சி-யில் 65 பயணிகளும் 78 துப்பாக்கிகளும் ஏறியிருக்க வேண்டும்.

கணக்கு 2: ஒரு துப்பாக்கிக்கு என்ன செலவு?

முதல் செலவு வயது. 1959 ஆயுதச் சட்டப்படி 21 நிரம்பியிருக்க வேண்டும். இரண்டாவது நாள். 2016 ஆயுத விதிகள் உள்ளூர்ப் போலீஸ் அறிக்கைக்கு 30 நாளும், அது வந்தபின் முடிவெடுக்க 60 நாளும் கெடு வைக்கின்றன. மாவட்டங்களில் உரிமம் தருவது கலெக்டர். சென்னையில் போலீஸ் கமிஷனர், அதாவது வேப்பேரி அலுவலகம். உயிருக்கு என்ன ஆபத்து, யாரால் ஆபத்து என்று விண்ணப்பதாரர் எழுதியாக வேண்டும். மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம் உண்டு என்ற உறுதிமொழி எல்லாம் சேரும்.

மூன்றாவது செலவுதான் பணம். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ என்றொரு ரிவால்வரை வெளியிட்டது. எடை 500 கிராம், கைப்பையில் அடங்கும் அளவு. அன்றைய விலை ₹1,22,360. மறைத்துச் சுமப்பதற்கென்றே வடிவமைத்த இந்தியத் துப்பாக்கி என்று இதைச் சொல்லலாம். பேருந்தில் வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்காக என்று விளம்பரம் சொன்னதோ, அந்தப் பெண்ணின் பல மாதச் சம்பளம் அதன் விலை.

நான்காவது, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. ஒருவருக்கு 3 துப்பாக்கி வரை என்றிருந்ததை 2019 டிசம்பர் திருத்தம் 2 ஆக்கியது. மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. உரிமக் காலம் மட்டும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமக்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். வங்கிக் காவலர் போன்றவர்களுக்குத்தான் விலக்கு.

கணக்கு 3: எப்படிச் சுமப்பது?

அமெரிக்கர்கள் வழக்காடும் கேள்விக்கு நம் 2016 விதிகள் சில வரிகளில் பதில் எழுதிவிட்டன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி என்றால் உடம்போடு பிணைத்த உறையில் அல்லது பையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று செய்த உறையில். எதுவானாலும் முழுக்க மூடியிருக்க வேண்டும், சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடத்தில் உருவிக் காட்டுவதும் சுடுவதும் அடியோடு தடை.

கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ₹1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சேர்த்தது. வடக்கே கல்யாண வீடுகளில் விழுந்த பிணங்கள் எழுத வைத்த பிரிவு இது. நம் கல்யாணத்தில் கெட்டிமேளமும் அதிர்வேட்டும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பஞ்சாப் அரசு 2022 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆயுதத்தைப் பொது இடத்திலும் சமூக ஊடகத்திலும் காட்டுவதற்கும், துப்பாக்கியைப் புகழும் பாட்டுகளுக்கும் தடை போட்டது. 77 பேருக்கு ஓர் உரிமம் உள்ள ஊரில் காட்டுவதுதான் முதல் தொல்லை என்று அரசே கண்டுகொண்டது.

தென்னிந்தியாவில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பண்பாடாகச் சட்டமே ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: குடகு. குடவர்களுக்கும் ‘ஜம்மா’ என்னும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் 1861-ல் வெள்ளைக்கார அரசு கொடுத்த உரிம விலக்கு இன்றும் நீடிக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறந்தாலும் இறந்தாலும் வானத்தை நோக்கி வேட்டு, கைல் முகூர்த்தம் என்ற ஆயுத விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூசை.

நம் பக்கம் வெளிப்படையாகத் துப்பாக்கி சுமந்தவர் நரிக்குறவர். தோளில் நாட்டுத் துப்பாக்கி, இடுப்பில் மருந்துப் பை, கையில் காடையும் கொக்கும். அந்தத் துப்பாக்கியைக் கண்டு ஊர் பயந்ததில்லை. அது இளநீர்க்காரர் அரிவாள் மாதிரி, வயிற்றுப்பாட்டுக் கருவி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, தோளிலிருந்த துப்பாக்கியும் இறங்கியது. பாசிமணி மட்டும் மிஞ்சியது.

கத்திக்கும் அளவு உண்டு. வெட்டுவாய் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளின் அட்டவணைக்குள் வரும். ஆனால் வீடு, விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தது என்றால் வராது. வண்டியில் இளநீர்க் குலையும் இருந்தால் தொழில்; குலை இல்லாமல் சட்டைக்குள் இருந்தால் வழக்கு.

கணக்கு 4: கண்ணுக்குத் தெரியும் துப்பாக்கி

தி.நகரில் சாதாரண ஆள் துப்பாக்கியைப் பார்ப்பது எங்கே? வி.ஐ.பி. கூட வரும் போலீஸ்காரர் இடுப்பில். வங்கி வாசலில், பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் கையில். அடுத்து, பனகல் பூங்காவைச் சுற்றிய நெரிசலில் இரட்டை விளக்கெரிய நிற்கும் பண வேனில்.

வேனுக்குத் தனிக் கணக்கே உண்டு. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வகுத்த தரம்: பணம் கொண்டுசெல்லும் நிறுவனத்துக்கு நிகர மதிப்பு குறைந்தது ₹100 கோடி, வேன்கள் குறைந்தது 300, ஒவ்வொரு வேனிலும் டிரைவர் தவிர 2 பொறுப்பாளர்கள், 2 கன்மேன்கள். அதே ஆண்டு உள்துறை அமைச்சகம் சேர்த்தது: ஒரு நடைக்கு ₹5 கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது, நகரத்தில் இரவு 9 மணிக்கு மேல் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. ஐந்து பேருக்கு இரண்டு துப்பாக்கி; ஒரு துப்பாக்கியின் பொறுப்பில் ₹2.5 கோடி. நகரத்துத் தெருவில் வெளிப்படையாகத் துப்பாக்கி நிற்க வேண்டுமென்றால் எவ்வளவு பணம் அதன் பின்னால் இருக்க வேண்டும் என்று அரசே போட்டுக் கொடுத்த விகிதம் மாதிரி இருக்கிறது.

வாசலில் இருப்பவர் சுடுவதற்காக உட்காரவில்லை. பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆயுத பூசையன்று அவர் துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமப் பொட்டு உண்டு. கால்குலேட்டருக்கும் பணம் எண்ணும் இயந்திரத்துக்கும் பக்கத்தில்.

கணக்கு 5: தெரியாமல் இருந்த துப்பாக்கி

தமிழ்நாட்டு வரலாற்றைத் திருப்பிய வேட்டுகளில் பல மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கியிலிருந்து வந்தவை.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிய வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி வெள்ளைக்காரருக்கு விலக்கு அளித்திருந்த காலம். உரிமம் இல்லாத இந்தியர் கையில் துப்பாக்கி என்றாலே மறைத்த துப்பாக்கிதான்.

1919 அக்டோபர், தேனாம்பேட்டை. ஜமீன் வாரிசுகளுக்கான நியூயிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே தூக்கத்தில் சுடப்பட்டார். வேட்டை பழகிய ஜமீன் பிள்ளைகள் மேல் வழக்கு, விசாரணை பம்பாய்க்கு மாறியது, முடிவு விடுதலை.

1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். பார்க்க வந்த நடிகர் எம்.ஆர். ராதா துப்பாக்கியை எடுக்கும் வரை அது எம்.ஜி.ஆர். கண்ணுக்குத் தெரியவில்லை. குண்டடிபட்ட இருவருக்கும் முதல் சிகிச்சை ராயப்பேட்டை மருத்துவமனையில். குண்டு எம்.ஜி.ஆரின் குரலை மாற்றியது. அடுத்த மாதத் தேர்தலில் கழுத்துக் கட்டோடு இருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது, தி.மு.க.வுக்கு 137 இடங்கள். ராதாவுக்கு விசாரணை நீதிமன்றம் விதித்தது 7 ஆண்டு.

1982 மே 19, பாண்டி பஜார். கடைவீதியில் எதிரெதிரே வந்த ஈழ இயக்கத் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் சட்டென்று துப்பாக்கியை எடுத்தார்கள். உமாவோடு வந்த ஜோதீஸ்வரன் மேல் குண்டு பாய்ந்தது. பிரபாகரனும் அவரோடு வந்த ராகவனும் அங்கேயே பிடிபட்டார்கள். உமா மகேஸ்வரன் சில நாளில் கும்மிடிப்பூண்டியில். ஆகஸ்டில் ஜாமீன். வேட்டுச் சத்தம் கேட்ட நிமிடம் வரை சேலைக் கடையிலிருந்து பையோடு இறங்கியவர்களுக்கு, பக்கத்தில் நடந்தவர் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த நாலு ஆண்டில் மறைப்பதும் போயிற்று. 1986 நவம்பர் 1, தீபாவளியன்று சூளைமேட்டில் இயக்கக்காரர்கள் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்தார். ஒரு வாரத்தில், நவம்பர் 8 அன்று, மாநிலமெங்கும் இயக்கங்களின் ஆயுதங்களைப் போலீஸ் பறிமுதல் செய்தது. 1990 ஜூன் 19-ல் கோடம்பாக்கம் ஜக்கரியா காலனியில் ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டபோது வந்தது தானியங்கித் துப்பாக்கி.

2011 ஜூலை 3. தீவுத்திடல் அருகே ராணுவ அதிகாரிகள் குடியிருப்புக்குள் பாதாம் கொட்டை பொறுக்க ஏறிக் குதித்த 13 வயதுச் சிறுவனை, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை. இந்தப் பட்டியலில் அரசியலும் பகையும் இல்லாத வரி இது ஒன்றுதான். கோபம் வந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தது, அவ்வளவே.

கணக்கு 6: அவர்கள் ஊர் வாதம், நம் ஊர் எண்

வாஞ்சிநாதன் சுட்ட அதே 1911-ல் நியூயார்க் மாநிலம் கைத்துப்பாக்கியை மறைத்துச் சுமக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு, தக்க காரணமும் காட்ட வேண்டும் என்றானது. 2022 ஜூன் 23-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தக் காரணம் காட்டும் நிபந்தனையை நீக்கியது. 2024-க்குள் 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டே இல்லாமல் மறைத்துச் சுமக்கலாம் என்றாயிற்று. டெக்சஸில் 2016 ஜனவரியில் உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைக்கலாம் என்று ஆனது. ஃபுளோரிடாவில் வெளிப்படையாகச் சுமப்பதற்கு 1987 முதல் இருந்த தடையை 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று செல்லாது என்றது.

காட்டச் சொல்பவர்களின் வாதம்: பார்த்தாலே திருடன் விலகுவான். மறைக்கச் சொல்பவர்களின் வாதம்: யாரிடம் இருக்கிறது என்று தெரியாததால் அவன் எல்லாருக்கும் பயப்படுவான். இரண்டையும் ரங்கநாதன் தெருவில் நிறுத்திப் பார்ப்போம். 3,202 பேருக்கு ஒருவர் என்றால், சங்கிலி பறிப்பவன் பயப்பட வேண்டிய வாய்ப்பு 3,202-ல் ஒன்று. மறைப்பதால் வரும் பயம் அங்கே பூஜ்யம். அந்த ஒருவர் வெளியே தெரியும்படி வைத்திருந்தால் இன்னும் எளிது: அவரை விட்டுவிட்டு மற்ற 3,201 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பான். கூட்டத்தில் கைவைக்கத் தெரிந்தவன் என்றால் முதலில் அந்தத் துப்பாக்கியிலேயே கைவைப்பான்.

வாதம் செல்லுபடியாக வேண்டுமென்றால் துப்பாக்கி பெருக வேண்டும். பஞ்சாப் விகிதத்தை எட்டத் தமிழ்நாட்டுக்கு 9.34 லட்சம் உரிமங்கள் வேண்டும். இருப்பது போக இன்னும் 9.12 லட்சம். ஆளுக்கொரு ‘நிர்பீக்’, 2014 விலையில் போட்டாலும் ₹11,159 கோடி. அமெரிக்க விகிதம் என்றால் 8.69 கோடித் துப்பாக்கிகள், ₹10.6 லட்சம் கோடி. இது கொள்முதல் செலவு மட்டும். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், நாளொன்றுக்கு 134. அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்கு என்று வாங்கிய துப்பாக்கி பறித்த உயிர்களில் பாதிக்கு மேல் தங்களையே சுட்டுக்கொண்டவர்களுடையவை.

கணக்கு 7: நம் பக்கத்துச் செலவு

இதுவரை படித்துவிட்டுத் தமிழ்நாடு முதுகில் தட்டிக்கொள்ள முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாடெங்கும் 28,522 கொலை வழக்குகள். தமிழ்நாட்டில் 1,690. நூற்றுக்கு 5.9. மக்கள்தொகைப் பங்கும் கிட்டத்தட்ட அதுவே. உரிமத்தில் நூற்றுக்கு 0.67 பங்கு வைத்திருக்கும் மாநிலம், கொலையில் தன் முழுப் பங்கையும் வாங்கிக்கொள்கிறது. துப்பாக்கி குறைவு என்பதால் கொலை குறையவில்லை, கருவிதான் வேறு.

2024 ஜூலை 5 மாலை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் துப்பாக்கி உரிமம் வைத்திருந்தவர். மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்து, தேர்தல் முடிந்து திரும்பப் பெற்றிருந்தார். மறைத்துக் கொண்டுவந்த அரிவாள்களுக்கு முன்னால் அந்த உரிமம் ஒரு தாள். தற்காப்புக்குத் துப்பாக்கி என்ற வாதத்தின் பலவீனமான இடம் இதுதான்: தாக்க வருபவன் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறான், தாக்கப்படுபவருக்கு அது கிடையாது.

இருந்தும் ஒரு வித்தியாசம் உண்டு. அரிவாளுக்கு நீளம் இரண்டு அடி. ஓங்கியவன் பக்கத்தில் வந்தாக வேண்டும். தோட்டாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறி தப்பினால் யார் மேல் படும் என்று சுட்டவனுக்கே தெரியாது. பெரம்பூரில் இறந்தது, வெட்ட வந்தவர்கள் தேடி வந்த ஒருவர்தான். சூளைமேட்டில் இறந்தது எந்த இயக்கத்திலும் இல்லாத ஒருவர். கூட்டம் நிறைந்த தெருவில் அரிவாளின் அந்த இரண்டடித் தூரம்தான் வழிப்போக்கனின் காப்பீடு.

பாண்டி பஜார் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதையாக மாறிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே துப்பாக்கிகளைக் குவித்து வைத்து விற்பார்கள். ரோல் கேப் போட்டுச் சுடுவது. வாங்கிய பையன் உறையிலும் போட மாட்டான், மூடவும் மாட்டான். வீடு போய்ச் சேரும் வரை வழியில் வருகிறவர்களை எல்லாம் சுட்டுக்கொண்டே போவான். சுடப்பட்டவர்கள் சிரிக்கிறார்கள். 49 பேருந்துகளுக்கு ஒன்று என்ற எண்ணின் பலன் அந்தச் சிரிப்புதான். நிஜமா, பொம்மையா என்று ஒரு கணம் உற்றுப் பார்க்க வேண்டிய ஊராக இது இன்னும் ஆகவில்லை.